தலையெழுத்தா, தலையில் வைத்த புள்ளியா? பைபோலார் நோயும் தற்கொலை பயமும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலை ஓ.பி. முடிந்து கூட்டம் கலைகிற நேரம். வெளியே டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையில் ஒரு குப்பம். கூடவே மகன், இருபத்தாறு வயது, தோளில் துண்டு. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். மூன்று வருடமாக பைபோலார் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன்.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். உடனே அந்த அம்மா போனைத் திறந்து ஒரு வீடியோவைக் காட்டினார். தற்கொலை எண்ணம் மரபணுவிலேயே பதிந்திருக்கிறதாம். ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாமாம். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “என் தம்பியும் இப்படித்தான் சார் போய்ட்டான். இவனுக்கும் அப்படி எழுதியிருக்கான்னு ரத்தம் எடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சிக்கலாம் இல்ல?”

மகன் காதில் விழுந்ததா தெரியவில்லை. பன்னைச் சாப்பிட்டு முடித்தான்.

அந்த வீடியோ தேவனேரியிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் சுற்றியிருக்கும் போல. அதன் பிறகு நேரிலும் கடிதத்திலும் வந்த கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய அந்த அம்மாவின் கேள்வியைச் சுற்றியே இருந்தன. கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி, கேள்விகளை மட்டும் அவரவர் பேச்சிலேயே வைத்துப் பதில் எழுதுகிறேன்.

சந்தேகம்: சந்தோஷமும் சோகமும் எல்லாருக்கும்தான் மாறி மாறி வருது. இதுக்கு எதுக்கு பைபோலார்னு ஒரு பேரு?

நம் மனநிலை காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கும். இந்த நோயில் மனநிலை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஒரே முனையில் நின்றுவிடும். மேனியா என்று சொல்ல ஒரு வாரமாவது ஆகவேண்டும். மனச்சோர்வு என்று சொல்ல இரண்டு வாரம். மேனியா கட்டத்தில் மூன்று ராத்திரி தூங்காவிட்டாலும் களைப்பு தெரியாது, பேச்சு நிற்காது. போட்டுக்குப் புது எஞ்சின் வாங்கக் கந்துவட்டிக்குக் கடன் வாங்குவார், ஓடுகிற எஞ்சினைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். ஊரே “பையனுக்குத் தைரியம் வந்துடுச்சு” என்று பாராட்டும். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார். கடன்காரர் வாசலில் நிற்பது அப்போதுதான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். நாட்டில் வயது வந்தவர்களில் 1,000 பேருக்கு 3 பேர் இந்த நோயோடு இருப்பதாகவும், அவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை என்றும் அது சொன்னது. எனக்கு முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் உறுத்துகிறது.

சந்தேகம்: இந்த நோய் வந்தவங்க தற்கொலை பண்ணிக்குவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

ஆபத்து அதிகம் என்பது உண்மை. பொதுமக்களோடு ஒப்பிட்டால் 20 முதல் 30 மடங்கு வரை என்பது உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் மதிப்பீடு. மடங்குக் கணக்கைக் கேட்டதும் பெற்றவர்களுக்கு வயிறு கலங்கும். இந்த நோயோடு வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் சாவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

எல்லா நாளும் ஒரே அளவு ஆபத்தும் இல்லை. மனச்சோர்வுக் கட்டத்திலும், சோர்வும் படபடப்பும் ஒன்றாகக் கலந்து நிற்கும் கலப்புக் கட்டத்திலும் அதிகம். நோய் தொடங்கிய முதல் சில வருடங்களில் அதிகம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் அதிகம். “டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு, இனி பயமில்லை” என்று வீட்டார் அசந்துபோகிற நேரமும் அதுவேதான். குடி சேர்ந்தால் எல்லாமே இன்னும் மோசம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். அதில் பைபோலார் எத்தனை, கடன் எத்தனை, குடி எத்தனை என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்.

சந்தேகம்: மாமனுக்கு இருந்தது, இப்ப மருமகனுக்கு. பரம்பரை வியாதிதானே? பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு என்ன சொல்றது?

பரம்பரையின் பங்கு பெரியது. ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த நோய் வரும் வாய்ப்பில் 60 சதவீதத்துக்கு மேல் மரபணுவின் பங்கு என்கின்றன. ஆனால் அதே இரட்டையர்களைப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மரபணு, ஒரே தாய், ஒரே சோறு. ஒருவருக்கு நோய் வந்தும் மற்றவருக்கு வராமல் போவது சர்வசாதாரணம்.

குற்றவாளியாக ஒரே ஒரு மரபணுவும் கிடையாது. 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வு, 1,58,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை அலசி, நோயோடு தொடர்புள்ள 298 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. எல்லாம் சேர்ந்தால்தான் குழம்பின் ருசி மாறும்.

தாய் அல்லது தந்தைக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 10 அல்லது அதற்கும் கீழே. 90 பேருக்கு வருவதில்லை. பெண் கேட்டு வருகிறவர்களிடம் மறைக்காதீர்கள். மறைத்துச் செய்த கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரை. இந்த நோய்க்குத் தரும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. நோய் பெண்ணுக்கு என்றால், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே மனநல மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். தாங்களாக நிறுத்துவது ஆபத்து. அவரே வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

சந்தேகம்: வீடியோவில் ‘எபிஜெனெடிக்ஸ்’ என்று சொல்கிறார்கள். மரபணுவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இதை விளக்குவது சுலபம். ‘அகல’ என்று எழுதுங்கள். விலகிப் போவதைக் குறிக்கும். கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வையுங்கள். ‘அகல்’. விளக்காகிவிட்டது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. புள்ளி செய்த வேலை, எழுத்துக்குள் இருந்த அகரத்தின் வாயை மூடியது மட்டும்தான்.

டி.என்.ஏ. இழையின் மேலும் இப்படிப் புள்ளிகள் உண்டு. மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதித் துணுக்கு, மரபணு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் அந்த மரபணு வாயடைத்துப் போகும். புள்ளி அகன்றால் மறுபடி பேசும். டி.என்.ஏ. சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளிலும் இதுபோல அடையாளங்கள் ஏறி, இழையை இறுக்கவும் தளர்த்தவும் செய்கின்றன. கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே நூல்தான். புள்ளி வைத்த இடங்கள் வேறு. கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1942-இல் வைத்த பெயர் எபிஜெனெடிக்ஸ். தமிழில் மேல்மரபியல் என்கிறார்கள்.

பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும். வாசிக்கிறவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். 2003-இல் மனித மரபணுத் தொகுப்பைப் படித்து முடித்துவிட்டதாக அறிவித்தார்களே, அன்று கையில் கிடைத்ததும் புள்ளி இல்லாத சுவடிதான்.

இந்தப் புள்ளிகளில் சில, பிறந்த பிறகு வாழ்க்கை வைப்பவை. புகை, பட்டினி, தொடர்ந்த பயம், வயது எல்லாமே வைக்கும். ஒத்த இரட்டையரின் புள்ளிகள் சிறுவயதில் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வயதாக ஆக விலகிப்போவதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள்.

சந்தேகம்: அப்படியானால் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையில் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டார்களா?

பார்த்தார்கள். ஆனால் வீடியோ சொல்கிற மாதிரி அல்ல.

கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் என்ற இருவரின் குழு முதலில் எலிகளைப் பார்த்தது. தாய் எலி நக்கி நக்கி வளர்த்த குட்டிகள் வளர்ந்தபின் பதற்றம் குறைந்தவையாக இருந்தன. நக்காமல் விட்டவை சின்ன அதிர்ச்சிக்கும் நடுங்கின. வேறுபாடு, மூளையில் கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பைப் பிடித்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏற்பியின் மரபணுவில். கவனிப்பில்லாத குட்டிகளில் அதன் தலையில் புள்ளி அதிகம், பிரேக் பிடிக்கவில்லை. நல்ல தாயிடம் மாற்றி வளர்த்தால் குட்டி அந்தத் தாயின் வழிக்கு வந்தது. 2004-இல் வெளியான முடிவு இது.

2009-இல் அதே மெக்கில் குழு, கியூபெக் மாகாண மூளை வங்கியில் இருந்த 36 பேரின் மூளைத் திசுவைப் பார்த்தது. 12 பேர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னாளில் தற்கொலையால் இறந்தவர்கள். 12 பேர் தற்கொலையால் இறந்தாலும் சிறுவயதுக் கொடுமை இல்லாதவர்கள். மீதி 12 பேர் வேறு காரணங்களால் இறந்தவர்கள். கார்டிசால் ஏற்பி மரபணுவில் புள்ளி கூடியிருந்தது முதல் 12 பேரிடம் மட்டும். இரண்டாவது 12 பேர், அவர்களும் தற்கொலையால் இறந்தவர்கள்தான், மூன்றாவது கூட்டத்தைப் போலவே இருந்தார்கள்.

வீடியோ எடுத்தவர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். அந்தப் புள்ளி பதிவு செய்திருந்தது தற்கொலையை அல்ல, ஒரு குழந்தை வாங்கிய அடியை.

பைபோலார் நோயாளிகளையே எடுத்துக்கொண்ட ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் கேப்ரியல் ஃப்ரீஸ் குழு ரத்தத்தில் உள்ள மெத்தில் புள்ளிகளை வைத்து உடலின் வயதைக் கணக்கிடும் ‘கிரிம் ஏஜ்’ என்ற கடிகாரத்தைப் பயன்படுத்தியது. தற்கொலைக்கு முயன்ற அனுபவம் உள்ள பைபோலார் நோயாளிகளிடம் அந்தக் கடிகாரம் வேகமாக ஓடுவதாகக் கண்டார்கள். சுவாரஸ்யமான முடிவு. ஆனால் அந்தக் கடிகாரத்தைச் செய்யும்போதே புகைப் பழக்கத்தின் தடத்தை அதற்குள் வைத்துத்தான் செய்தார்கள். பைபோலார் நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகம் புகைக்கிறவர்கள். ஆகவே ஓடுவது நோயா, பீடியா, இரண்டுமா என்று பிரித்தறிவது லேசல்ல.

சந்தேகம்: சரி, ரத்தப் பரிசோதனை உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

இல்லை.

வீடியோவின் வேர் எங்கே என்று தேடினால் 2014-க்குப் போகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சக்கரி காமின்ஸ்கி குழு, எஸ்.கே.ஏ.2 என்ற மரபணுவின் புள்ளிகளுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு கண்டது. ‘ரத்தப் பரிசோதனையில் தற்கொலையை முன்கூட்டியே அறியலாம்’ என்று அன்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் தலைப்பு போட்டன. எங்கள் தொழிலுக்கே உரிய வியாதி அது. பத்து வருடம் தாண்டியும் அது மருத்துவமனை மேசைக்கு வரவில்லை. ரத்தத்தில் உள்ள புள்ளி மூளையில் உள்ள புள்ளி அல்ல. நோய் புள்ளியை வைத்ததா, புள்ளி நோயை வரவழைத்ததா, சாப்பிடுகிற மாத்திரை வைத்ததா என்ற சிக்கல் வேறு. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் சராசரியில் தெரியும் சிறு வித்தியாசத்தைக் கொண்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு பையனின் நாளையைச் சொல்ல முடியாது.

யாராவது அப்படி ஒரு பரிசோதனைக்குப் பணம் கேட்டால், பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்பது வேறு. நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் ஆகிய பெங்களூரு நிறுவனங்கள் 2016 முதல் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் உள்ள வீடுகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள்; அவர்கள் தேடும் ஐந்து நோய்களில் பைபோலாரும் ஒன்று. அது நாளைய தலைமுறைக்கு. யாரிடமும் ஜோசியம் சொல்வதற்கு அல்ல.

சந்தேகம்: சுனாமி வந்தப்போ நான் ஏழு மாசம். அந்தப் பயம் வயித்துல இருந்த புள்ளைக்கு ஏறியிருக்குமா?

கேட்டவர் கல்பாக்கம் பக்கத்துப் பெண். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கரையில் நின்ற யாருக்கும் இந்தக் கேள்வி விளையாட்டல்ல.

கருவிலிருக்கும் காலம் புள்ளி வைக்கும் என்பதற்கு நல்ல சான்று நெதர்லாந்தில் இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை மறித்ததால் அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவில் புள்ளிகள் உடன்பிறந்தவர்களைவிடக் குறைந்திருந்தன. 2008-இல் வந்த ஆய்வு. அவர்கள் பட்டினி கிடந்தது மாதக்கணக்கில், அதுவும் கரு உருவான தொடக்கத்தில்.

பெற்றோரின் பயம் அப்படியே பிள்ளைக்கு மரபாக இறங்கும் என்பதற்கு எல்லாரும் காட்டுவது யூதப் படுகொலையில் தப்பியவர்களைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு நியூயார்க் ஆய்வு. மொத்தம் 32 பெற்றோர், 22 பிள்ளைகள். இவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்று விமர்சனம் எழுந்தது நியாயம்தான். விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது ஒரு முறை, கருவான சில நாட்களில் இன்னொரு முறை, பழைய புள்ளிகளில் பெரும்பாலானவற்றை உடல் தானே துடைத்துவிடுகிறது. சிலேட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுகிற மாதிரி.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது: உங்கள் பிள்ளைக்கு இப்போது இருபது வயது. சுனாமியை விட்டுவிட்டு, அவன் ராத்திரி தூங்குகிறானா என்று பாருங்கள்.

சந்தேகம்: தூக்கத்துக்கும் இதுக்கும் என்ன?

நிறைய. பைபோலார் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது, மேனியா வருவதற்கு முன்னால் அடிக்கும் மணி. சில சமயம் மணி அடிப்பதே மேனியாவை இழுத்தும் வரும். நம் மாவட்டத்தின் இரண்டு பெரிய தொழில்களும் தூக்கத்தை உடைப்பவை. ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுவார். சிறுசேரியில் அமெரிக்காக்காரனுக்கு வேலை பார்க்கிறவர் விடிகிற நேரம் படுப்பார். வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு நாள் பகல், ஒரு நாள் இரவு என்று மாறி மாறிப் போகாமல் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ முடியுமா என்று முதலாளியிடமோ, படகை நடத்தும் டிண்டலிடமோ கேட்கலாம். பிள்ளை இரண்டு ராத்திரி தூங்காமல் உற்சாகமாக இருந்தால் மூன்றாவது நாள் மருத்துவரிடம் போகலாம்.

சந்தேகம்: கெட்ட புள்ளியை அழிக்கிற மருந்து, உணவு ஏதாவது?

மீனியின் ஆய்வில் எலியின் புள்ளியை மருந்து கொடுத்து மாற்றினார்கள். மூளைக்குள் நேராகச் செலுத்தி. மேலே சொன்ன வால்ப்ரோயேட், ஹிஸ்டோன் அடையாளத்தை அழிக்கும் நொதியைத் தடுக்கும் என்று 2001-இல் தெரியவந்தது. வலிப்புக்கும் மேனியாவுக்கும் பல வருடமாக நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கிற மருந்து, யாருக்கும் தெரியாமலே புள்ளியோடு விளையாடிக்கொண்டிருந்தது! அதனால்தான் குணமாகிறதா என்பது வேறு கேள்வி. ‘எபிஜெனெடிக் டயட்’ என்று விற்கிற பொடி டப்பாக்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

சந்தேகம்: டாக்டர் லித்தியம் எழுதியிருக்கார். செல்போன் பேட்டரியில போடறதாச்சே, அதைப் போய் சாப்பிடறதா?

அதே தனிமம்தான். மாத்திரையில் இருப்பது அதன் உப்பு, லித்தியம் கார்பனேட். சமையல் உப்பில் இருக்கும் சோடியமும் தனியாக எடுத்துத் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் உலோகம்தான். குழம்பில் போடாமலா இருக்கிறோம்?

1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மேனியாவுக்கு இது வேலை செய்வதாக எழுதினார். மனநிலைக் கோளாறு உள்ளவர்களில் தற்கொலையைக் குறைக்கும் மருந்து என்று அதிகச் சான்று உள்ளது இதற்குத்தான். 48 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு அலசல் அப்படிச் சொன்னது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 519 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் மனநல மருத்துவர்கள் லித்தியத்தைக் கைவிடவில்லை. விலை மலிவு என்பதால் அதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, அவ்வளவுதான். நடுவில் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்புவதோடு தற்கொலை ஆபத்தும் எகிறும். “நல்லாத்தானே இருக்கான், மாத்திரை எதுக்கு?” என்று கேட்கிற உறவினரிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் கரைக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. சிறுநீரகத்துக்கு லித்தியமும் உப்பும் அண்ணன் தம்பி மாதிரி. உடலில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், சோடியத்தைப் பிடித்து வைக்கிற அவசரத்தில் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். சித்திரை வெயிலில் நாள் முழுக்க வியர்வை சிந்தி வலை இழுக்கிறவர், கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர், வயிற்றுப்போக்கில் கிடப்பவர், பிரஷர் என்று சொல்லி ஒரே நாளில் உப்பையும் கருவாட்டையும் நிறுத்தியவர் எல்லாருக்கும் இந்த ஆபத்து உண்டு. வலை இழுத்த தோள்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும், சில பிரஷர் மாத்திரைகளும் அதையே செய்யும்.

அளவு ஏறினால் கை பெரிதாக நடுங்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். பார்க்கிறவர்கள் ‘குடித்துவிட்டு வந்திருக்கிறான்’ என்று திண்ணையில் படுக்க வைத்துவிடுவார்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் தள்ளாடினால் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-க்குப் போன் போடுங்கள்.

சந்தேகம்: ‘சாகணும்னு தோணுதா’ன்னு கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமே ஏத்திவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பது பலமுறை ஆராய்ந்து உறுதியான செய்தி. கேட்கிற முறைதான் முக்கியம். “அப்படி எதுவும் யோசிக்கலையே?” என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நாமே அவர் வாயில் வைக்கிறோம். தனியாக உட்காரவைத்து, “ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுதுப்பா. உசுரோட இருக்க வேணாம்னு தோணுதா?” என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் அழாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், சாமி மேல் ஆணை கேட்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். விவசாய வீடு என்றால் பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கவே கூடாது. சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. அங்கே தற்கொலைகள் குறைந்தன. அந்தக் கொடிய எண்ணம் அலை மாதிரி. உச்சத்தில் கை எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால், பலருக்கு இறங்கிவிடும்.

பேச ஆள் வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா 044-24640050. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு கோவளத்தில் பல வருடமாக மனநலப் பணி செய்துவருகிறது. கோவளம் தர்காவுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போய் ஓதிவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. போங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

சந்தேகம்: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமே?

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரை மிரட்டி வேலை செய்யவிடாமல் தடுப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றம். விவரம் கேட்டுக் காவலர் வரலாம். அந்தப் பயத்தில் வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் உயிரை எடுக்கிறது.

சந்தேகம்: அப்போ எந்த ரத்தப் பரிசோதனையும் வேணாமா?

ஒன்று வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டவரும் டீக்கடை பெஞ்சு அம்மாதான். பையன் சாப்பிடுவது என்ன மாத்திரை என்று கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். லித்தியம், ராத்திரி இரண்டு, காலையில் ஒன்று. கூட இருந்த சோதனைச் சீட்டில் லித்தியம் அளவு 0.7, பெரும்பாலோருக்கு 0.6 முதல் 1.0 வரை இருக்கவேண்டிய அளவுக்குள்தான். தேதியைப் பார்த்தேன். பத்து மாதத்துக்கு முந்தியது. நிலையாக இருக்கிறவருக்குக்கூட மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒருமுறை பார்ப்பார்கள். கூடவே சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும், தைராய்டும். நடுவில் ஒரு கோடை முழுக்க அவன் கடலுக்குப் போய்வந்திருக்கிறான்.

“இதுல எழுதியிருக்கிறது மாறுமா சார்?”

வாராவாரம்கூட மாறும் என்றேன்.

“அப்ப நாளைக்கு மாத்திரை போடாம இட்டாறேன்.”

அப்படி இல்லை என்று நிறுத்தி, அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். ராத்திரி மாத்திரையை வழக்கம்போல் போட வேண்டும். அதிலிருந்து 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரையைப் போடாமல் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு காலை மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வரலாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

பையன் முதல்முறையாக நிமிர்ந்தான். “ராத்திரி எட்டு மணிக்குப் போட்டா, காலைல எட்டு மணி. கரெக்டா ஓ.பி. திறக்கற டைமு” என்றான்.